சுக்கானுக்கு வந்த சம்பந்தம்

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "சுக்கான்ர விசயம் என்னாச்சு, குட்டி எப்ப?" என்று கேட்டதும், "நெற் சரியில்லைத் தம்பி, பிறகு எடுக்கிறன்" என்று அப்பா வைத்துவிட்டாரே, அது பொய். நெற் மிக நன்றாக இருந்தது. நாய்க்குக் குட்டி எடுக்கிற விஷயத்தை வளர்ந்த மகனோடு கதைக்க அந்த மனிதருக்கு வெட்கம். போனை வைத்துவிட்டு நேரே கிணற்றடிக்குப் போய், ஏற்கெனவே நனைந்து நின்ற செவ்வரத்தைக்கு இன்னும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினார். ஆகவே நான் எழுதுகிறேன். எனக்கு வெட்கம் குறைவு என்பது உனக்கும் தெரியும், திருகோணமலை நகரத்துக்கும் தெரியும். உனக்கு மட்டும் எழுதினால் போதாதா, ஏன் நாலு பேர் வாசிக்கிற இடத்தில் எழுதவேண்டும் என்று நீ கோபிப்பாய். நடந்ததைப் பற்றி ஊரில் ஏற்கெனவே மூன்று விதமான கதை ஓடுகிறது. அதில் ஒன்றை ஓடவிட்டது நானேதான். நான்காவதாக உண்மையும் ஓடட்டும் என்றுதான் இப்படி எழுதுகிறேன். அதோடு, வீட்டில் ஆண்நாய் வைத்திருக்கிற எல்லாருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வரத்தான் போகிறது. எங்கள் வெட்கக்கேடு அவர்களுக்காவது உதவட்டும்.

நீ கட்டாரிலிருந்து நேரே கனடாவுக்குப் போகப் போவதாகச் சொன்ன அன்றைக்குத்தான் இது தொடங்கியது. "இடையில வர ஏலாதம்மா, லீவு ஒண்டும் மிச்சமில்லை" என்றாய். நான் சரி ராசா என்றேன். பிறகு, "சுக்கானுக்கு வயசு ஏறுது. நான் திரும்பி வாற நேரம் இருப்பானோ தெரியாது. அவன்ர ஒரு குட்டியாவது வீட்டில நிக்கட்டும்" என்றாய். உன் குரல் அப்போது கொஞ்சம் இறங்கிப்போனது. எனக்கும் வயது ஏறுகிறது, நான் இருப்பேனோ என்று நீ கேட்கவில்லை. அதைக் கவனித்து வைத்திருக்கிறேன், தக்க நேரத்தில் பாவிப்பேன். ஆனால் அன்றைக்கு நான் யோசிக்காமல் ஓம் என்றுவிட்டேன். ஒரு குட்டிதானே கேட்கிறான் பிள்ளை என்று நினைத்தேன். எனக்கும் ஆசைதான். முதல் சம்பளத்தில் நீ அவனை லப்ரடோர் குட்டி என்று வாங்கிக்கொண்டு வந்த அன்று அவன் நடந்த நடை ஞாபகமிருக்கிறதா? வால் ஒரு பக்கம் போகும், உடம்பு மற்றப் பக்கம் போகும். "கப்பலுக்குச் சுக்கான் மாதிரி, வால் திரும்பினாத்தான் ஆள் திரும்புறார்" என்று அப்பா சொன்னார். இத்தனை வருஷம் துறைமுகத்தில் வேலை செய்து அவர் சொன்ன ஒரே பகிடி அது. வீணாக்கக்கூடாது என்று அதையே பெயராக வைத்தோம். அப்படி நடக்கிற இன்னொரு குட்டி இந்த முற்றத்தில் ஓடினால் எப்படி இருக்கும் என்று நானும் கற்பனை செய்து பார்த்தேன்.

சம்பந்தம் சந்தையில் வைத்தே வந்தது. அன்புவழிபுரத்து ரீச்சரை உனக்குத் தெரியும், உனக்கு எட்டாம் வகுப்பில் விஞ்ஞானம் படிப்பித்து, நீ வரைந்த தவளைக்குப் பூச்சியம் போட்டவ. அவவிடம் ஏஞ்சல் என்று ஒரு லப்ரடோர் பெட்டை நிற்கிறது. நான் மரவள்ளிக்கிழங்கு தெரிந்துகொண்டு நிற்கும்போது பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "உங்கட வீட்டில கடுவன் ஒண்டு நிக்குதெல்லோ?" என்றா.

"இவரையும் சேர்த்து ரெண்டு நிக்குது ரீச்சர். நீங்கள் எதைக் கேக்கிறியள்?"

அவ சிரிக்கவில்லை. விஞ்ஞான ரீச்சர்மார் லேசில் சிரிக்கமாட்டினம். "ஏஞ்சல் திரும்பவும் சாமத்தியப்பட்டிட்டா. இது மூண்டாந்தரம். இனியும் சும்மா வைச்சிருக்கிறது அழகில்லை" என்றா. மூன்று தரம் சாமத்தியப்பட்டு, மூன்று தரமும் பெரியபிள்ளையான ஒருத்தியை நான் முதல்முதலாகக் கேள்விப்படுகிறேன். ஆனாலும் பெண் வீட்டார் கதைக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் சிரிக்கக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

அடுத்தநாள் மாப்பிள்ளை பார்க்க வந்தா. அப்பா தானாகவே குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றித் தட்டத்தில் வைத்துத் தலையைக் குனிந்துகொண்டு வந்து கொடுத்தார். பெண் பார்க்க வந்த வீட்டில் பெண் கொண்டுவருவது போலவே இருந்தது. ரீச்சர் கதிரையில் இருந்தபடி சுக்கானைச் சுற்றிவரப் பார்த்தா, பல்லைப் பார்த்தா, காதுக்குள் பார்த்தா. "என்ன சாப்பிடுவார்?" என்று கேட்டா. "எல்லாம் சாப்பிடுவார் ரீச்சர், செருப்பு உட்பட" என்றேன். நாய் உலகத்தில் ஒரு வழக்கம் இருக்கிறதாம், கடுவன் வீட்டாருக்குக் குட்டிகளில் முதல் தெரிவாம். அதற்கு இரண்டு பகுதியும் சம்மதித்தோம். அவ்வளவுதான் பேச்சு. உன் மச்சாளின் கலியாணத்துக்கு நாங்கள் என்ன பாடுபட்டோம் என்று நினைத்துப் பார். மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு ஆஸ்மா இருந்ததா இல்லையா என்று அறிய நான் மூன்று ஊருக்கு ஆள் விட்டேன். இங்கே, ஏழெட்டு உயிரை உண்டாக்கப் போகிற காரியத்துக்கு, ஏஞ்சலின் தாய் தகப்பன் யார், சுக்கானின் தாய் தகப்பன் எப்படி இருந்தார்கள் என்று ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ அவனை வாங்கியபோதும் கேட்டிருக்கமாட்டாய். குட்டி வடிவாக இருந்தது, வாங்கிக்கொண்டு வந்தாய். நாயென்றால் நாங்கள் எல்லாரும் அப்படித்தான்.

ரீச்சர் குறித்த நாளில் நாங்கள் வெளிக்கிட்டோம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குப் போகிறது. அப்பாவும் அப்படித்தான் என் அம்மாவின் இந்த வீட்டுக்கு வந்தார், வந்தவர் இன்னும் போகவில்லை. ஆகவே சுக்கானையும் அப்படித்தான் கொண்டுபோகவேண்டும் என்பதில் எவருக்கும் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. ரீச்சருக்கும் இல்லை, நாற்பது வருஷம் விஞ்ஞானம் படிப்பித்தவ. சுக்கானைக் குளிப்பாட்டி, தலை வாரி இழுத்து, ஓட்டோவில் ஏற்றினோம். அப்பாவின் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். இது எதற்கு என்று கேட்டேன். "வெறுங்கையோட போறதே" என்றார். ஓட்டோக்காரப் பெடியன் கண்ணாடியில் பார்த்து, "எங்க ஐயா, கலியாண வீடோ?" என்று சும்மா கேட்டான். அப்பா வாழைப்பழத்தை மடியில் இருந்து எடுத்துக் காலடியில் ஒளித்து வைத்தார்.

அங்கே நடந்ததை எப்படி எழுதுவது? ஏஞ்சல் தன் வீட்டு விறாந்தையில் மகாராணி மாதிரி நின்றா. எங்கள் மாப்பிள்ளை அவவைப் பார்த்தார், அவவின் வீட்டைப் பார்த்தார், வீட்டின் மணத்தை ஒருமுறை இழுத்தார், பிறகு எல்லாரையும் தாண்டி ஓடிப்போய்ச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே படுத்துவிட்டார். ஏஞ்சல் மேசைக்குக் கீழே தலையை விட்டு அவன் காதில் ஒரு கடி கடித்துவிட்டு, திரும்பி வந்து வாழைப்பழத்தில் பாதியைத் தோலோடு சாப்பிட்டா. ரீச்சர் மேசைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வகுப்பறைக் குரலில், "வெளிய வா. என்ன பயம்? வா எண்டா வா" என்றா. உனக்கும் அந்தக் குரல் ஞாபகம் இருக்கும், நீயும் வகுப்பில் இருந்த வாங்குக்குக் கீழே போயிருப்பாய். அப்பா இந்த முழு நேரமும் சுவரில் தொங்கிய பழைய கலண்டர் ஒன்றை முதலாம் மாதத்திலிருந்து வாசித்துக்கொண்டு நின்றார்.

ஐந்தாம் மாதம் வாசிக்கும்போது ரீச்சர் எழும்பி, சேலையைத் தட்டிவிட்டு, "உங்கட பெடியன்ல ஏதோ குறை போல" என்றா.

"என்ர பெடியனில ஒரு குறையும் இல்லை. உங்கட பெட்டைதான் வாய்க்காரி" என்றேன். நாய்க்காக அந்த நேரம் எனக்கு வந்த கோபம், உன் கணக்கு வாத்தியார் உன்னை மக்கு என்று சொன்னபோதுகூட வரவில்லை. அப்போது எனக்கும் கொஞ்சம் சந்தேகம் இருந்தது என்பது வேறு.

குறை என்று ஒரு சொல் விழுந்துவிட்டால் எனக்கு நித்திரை வராது. விடிந்ததும் சுக்கானைக் கூட்டிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனேன். புதிதாக வந்திருக்கிற பிள்ளை, உன்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். அப்பாவும் வந்தார், ஆனால் வாசலுக்கு அங்கால் நின்றார். நான் மரவள்ளிக்கிழங்கில் தொடங்கி வாழைப்பழம் வரை ஒன்றும் விடாமல் சொன்னேன். அந்தப் பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துச் சிரித்தது.

"அன்ரி, நாய்களில பொம்பிளைதான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போறது. தன்ர இடத்தில நிண்டால்தான் கடுவனுக்குத் தைரியம் வரும்."

"அப்ப எங்கட வழக்கம் பிழையோ?"

"மனுசருக்குச் சரி, அன்ரி."

வாசலுக்கு அங்கால் இருந்து, "மனுசருக்கும் தைரியம் கொஞ்சம் குறையத்தான்" என்று ஒரு குரல் வந்தது. அப்பாவின் இரண்டாவது பகிடி.

எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. குறை ஒன்றும் இல்லை, இடம்தான் பிழை. அங்கேயே நின்று ரீச்சருக்குப் போன் எடுத்து, ஏஞ்சலை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். இன்னும் சில நாள் இருக்கிறது, கொண்டு வாறன் என்றா அவவும். போனை வைத்த பிறகு டொக்டர் பிள்ளை சாதாரணமாகக் கேட்டது, "இவர் படியில எப்பிடி ஏறுவார் அன்ரி?" என்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உனக்கு அனுப்பினேனே அந்த வீடியோ, பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரித் துள்ளித் துள்ளி அவன் படி ஏறுகிறது, அதைக் காட்டினேன். சொந்தக்காரர் எல்லாரும் பார்த்துச் சிரித்த வீடியோ. லண்டன் மாமி அதற்குப் பாட்டுப் போட்டுத் திரும்ப அனுப்பினவ. டொக்டர் பிள்ளை சிரிக்கவில்லை. திரும்பவும் போட்டுப் பார்த்தது. பிறகு நிலத்தில் இருந்து, சுக்கானின் இடுப்பில் கையை வைத்துப் பின்னங்காலை மெல்ல இழுத்தது. அவன் திரும்பி அந்தக் கையை நக்கினான். கடிக்கவேண்டிய நேரத்தில் நக்குகிற நாய் அது, உனக்குத் தெரியும்தானே.

"இது துள்ளல் இல்லை அன்ரி. ஒவ்வொரு காலா ஊண்டினா நோகுது, அதால ரெண்டையும் சேர்த்துத் தூக்கிறார். நான் சந்தேகப்படுறது சரியோ எண்டு படம் எடுத்துப் பாக்க வேணும்" என்றது. இந்த இன நாய்களுக்கு இடுப்பு மூட்டில் இப்படி ஒரு கோளாறு வருமாம், தாய் தகப்பனிடமிருந்து குட்டிகளுக்கு இறங்குமாம். குட்டி எடுக்க நினைக்கிறவர்கள் முதலில் கடுவனுக்கும் பெட்டைக்கும் இடுப்பைப் படம் எடுக்கவேண்டும், சேரும்போது தொற்றுகிற நோய் இருக்கிறதா என்று இரத்தம் பார்க்கவேண்டும், பிறகுதான் நாள் பார்க்கவேண்டும் என்றது. நாங்கள் நாளில் தொடங்கியிருந்தோம்.

நான் விடுகிற ஆளா. என் வாயில் இருந்த கேள்வி எல்லாவற்றையும் கேட்டேன். வால் ஆட்டுகிற விதம் குட்டிக்கு வருமா? வரலாம். தண்ணீரைக் கண்டால் பாய்கிறது? அதுவும் வரலாம். எங்கள் ஊர் ரோட்டில் திரிகிற மான் வாசலுக்கு வந்தால் குரைக்காமல் கேற்றடியில் போய்க் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருப்பானே, அது? டொக்டர் பிள்ளை கொஞ்சம் யோசித்தது. "குணத்தில கொஞ்சம் வரும் அன்ரி. ஆனா உங்கட மகன் அவரை வளர்த்த விதம் வராது. அது திரும்பவும் முதல்ல இருந்து ஒருத்தர் வளர்க்க வேணும். ஆர் வளர்க்கிறது, நீங்களோ?" என்று கேட்டது. நான் சுக்கானின் கழுத்துப் பட்டியைத் தேவையில்லாமல் இன்னொருமுறை இறுக்கினேன். போகும்போது இன்னொன்றும் கேட்டது: "ஏழெட்டுக் குட்டி வரும். பாதி பெட்டையா இருக்கும். பெட்டைக் குட்டிக்கும் ஆக்கள் இருக்கினமோ?"

குட்டிக்கு ஆட்கள் நிறைய இருந்தார்கள். ரீச்சர் வந்து போன அன்றே ஊர் முழுவதும் கதை பரவி (யார் பரப்பியது என்று கேட்காதே), கண்டவன் எல்லாம் எனக்கொரு குட்டி என்று சொல்லி வைத்திருந்தான். இப்போது ஒவ்வொருவரிடமும் போய் விசாரித்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. காரணமில்லாமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழையக்கூடியவள் என்று எனக்கொரு பெயர் உண்டு. அந்தத் திறமைக்கு முதல்தரமாக ஒரு காரணம் கிடைத்தது.

பாமசிக்காரரிடம் போனேன். "எனக்குக் கடுவன்தான் வேணும் அக்கா. பெட்டை எண்டால் கரைச்சல். ரோட்டில நிக்கிற கடுவன் எல்லாம் கேற்றடிக்கு வந்திடும்" என்றார். ஓட்டோக்காரப் பெடியன், அன்றைக்கு எங்களை ஏற்றிப் போனவன், "எனக்கும் கடுவன் ஐட்டம்தான் அன்ரி. பெட்டையைக் கொண்டு போனால் மனுசி என்னையும் உள்ள எடுக்காள்" என்றான். திரியாயில் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி தோட்டக் காவலுக்கு ஒன்று கேட்டிருந்தார், போனில் பிடித்தேன். "கட்டி வைக்கப் போறியளோ?" என்றேன். "பின்ன மடியில வைச்சுத் தாலாட்டவோ? கடுவனாப் பாத்து அனுப்புங்கோ மச்சாள், நல்லாக் குரைக்க வேணும்." சுக்கானின் பிள்ளை குரைக்குமா, கள்ளன் வந்தால் லைற் பிடித்துக் காட்டும் என்று சொன்னேன். கேட்ட எல்லாரும் கடுவன் கேட்டார்கள். பெட்டைக் குட்டி வந்தால் என்ன செய்கிறது என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள்: "ஆரும் எடுப்பினம்தானே." இந்த 'ஆரும்' என்கிறவர் எங்கே இருக்கிறார் என்று எனக்கு அறிய ஆசை வந்தது. உண்மையாகவே தேடிப் போனேன். பின்னேரம் மீன் சந்தைக்குப் பின்பக்கம், பிஸ்கட் பெட்டி ஒன்றுக்குள், கண் திறந்து கொஞ்ச நாள்தான் இருக்கும், நாலு குட்டி. தூக்கிப் பார்த்தேன். நாலும் பெட்டை. அதில் ஒன்றுக்கு யாரோ பணக்கார வீட்டு நாயின் காது. மீன் வெட்டுகிறவர் கத்தியை நிறுத்தாமல், "இது புதுசில்லை அக்கா. கிழமைக்கு ஒரு பெட்டி வரும். கடுவனை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொண்டு வந்து வைப்பினம்" என்றார். 'ஆரும்' என்பவருடைய விலாசம் அதுதான் மகன்.

படம் எடுக்கக் கண்டிப் பக்கம் போகவேண்டியிருந்தது. தன் முழங்காலுக்கு ஒரு படம் எடுக்கச் சொல்லி நான் வருஷக்கணக்காகக் கெஞ்சியும் அசையாத மனிதர், இதற்கு விடிய முதல் வான் பிடித்து, லீவு போட்டு, பின் சீற்றில் சுக்கானின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஊசி போட்டு நித்திரையாக்கிப் படம் எடுத்தார்கள். திரும்பி வரும் வழி முழுவதும் அவன் மயக்கத்தில் வாலை மட்டும் இடையிடை ஆட்டினான். படத்தை எங்கள் டொக்டர் பிள்ளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியது. தொடை எலும்பின் தலை பந்து மாதிரி, இடுப்பில் அது இருக்கிற இடம் கிண்ணம் மாதிரி. "பந்து கிண்ணத்துக்குள்ள நல்லா இறங்கி இருக்க வேணும். இவருக்குக் கிண்ணம் ஆழமில்லை" என்றது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவுக்கு விளங்கியது. அவர் அன்றைக்கு வாசலுக்கு அங்கால் நிற்கவில்லை.

"நோகுமோ, பிள்ளை?"

"இப்ப கொஞ்சம் அங்கிள். வயசு போகப் போகக் கூடும். மெலிய வையுங்கோ, படி ஏற விடாதேங்கோ, கடல்ல நீந்த விடுங்கோ."

"குட்டி?" என்று அப்பா கேட்டார். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"வேண்டாம் அங்கிள். எல்லாக் குட்டிக்கும் வரும் எண்டில்லை. எதுக்கு வரும் எண்டு பிறக்கேக்க தெரியாது."

வெளியே வந்து செருப்பைப் போடும்போது அப்பா, "அவனுக்கு என்ன சொல்லப் போறம்?" என்று கேட்டார். அவன் என்றது உன்னை. எனக்கும் அதுதான் பயம். ரீச்சருக்கு அடுத்தநாள் ஆறுதலாகச் சொல்லலாம், முதலில் உனக்கு என்ன சொல்வது என்று யோசிப்போம் என்று வீட்டுக்கு வந்தால், கேற்றடியில் ஓட்டோ நிற்கிறது. உள்ளே ரீச்சர், பக்கத்தில் ஏஞ்சல், கழுத்தில் புதுப் பட்டி. "நாள் முடியப் போகுது. நீங்கள் போன் எடுக்கேல்லை, நானே கொண்டு வந்திட்டன்" என்றா.

மகன், டொக்டர் பிள்ளை சொன்னது எவ்வளவு உண்மை. தன் முற்றத்தில் சுக்கான் வேறு ஆள். மேசைக்குக் கீழே படுத்த அந்தக் கோழை எங்கே போனானோ தெரியாது. நெஞ்சை நிமிர்த்தி, வாலை மேலே தூக்கி, ஏஞ்சலை நோக்கி ஒரு நடை நடந்தான் பார், உன் அப்பா இந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கு அதில் பாதி நடை நடந்திருந்தால் என் அம்மா மகிழ்ந்திருப்பா. ஏஞ்சலும் கடிக்கவில்லை. ஓட்டோவில் இருந்து இறங்கி நின்று வாலை ஒரு பக்கம் ஒதுக்கினா. அப்பா பாய்ந்து சுக்கானின் பட்டியைப் பிடித்தார். எல்லாம் சரியாக அமைந்துவிட்டது, பிடித்த கையை விட்டால் போதும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மனம் தளம்பியது. ஒரே ஒருமுறைதானே, இவனுடைய குட்டிகளுக்கு வராமலும் விடலாம்தானே, பெட்டைக் குட்டிகளை நானே வைத்திருந்தால் என்ன என்று என்னென்னவோ ஓடியது. உன் குரல் இறங்கிப்போனதும் காதில் கேட்டது.

ரீச்சர் சொன்னா, "மாப்பிள்ளைக்கு விருப்பம் வடிவாத் தெரியுது. பிறகென்ன?"

அப்பா பட்டியை விடாமல், நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார், "அவருக்குப் போன கிழமை என்ர செருப்பிலயும் விருப்பம் வந்தது ரீச்சர். அவரின்ர விருப்பத்தைக் கேட்டு நாங்கள் முடிவெடுக்க ஏலாது. இடுப்பு சரியில்லை. குட்டியளுக்கும் வரும். மன்னிச்சுக் கொள்ளுங்கோ, இது வேண்டாம்."

வெட்கத்தில் செவ்வரத்தைக்குத் தண்ணீர் ஊற்றுகிற அதே மனிதர். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். வாய் திறந்திருந்த குற்றத்துக்கு அதிலிருந்து ஒரு கேள்வி வெளியே வந்துவிட்டது: "ஏஞ்சல்ட இடுப்பையும் ஒருக்காப் படம் எடுத்துப் பாத்தால் என்ன ரீச்சர்?"

"என்ர பிள்ளையின்ர இடுப்பைப் பற்றி இந்த ஊரில இதுவரைக்கும் ஒருத்தரும் கதைச்சதில்லை" என்று சொல்லிவிட்டு அவ ஓட்டோவில் ஏறினா. ஏஞ்சல் ஏற மறுத்தா. இரண்டு பேர் பிடித்து ஏற்றவேண்டியிருந்தது. சுக்கான் அன்றைக்குச் சாப்பிடவில்லை, கேற்றின் கம்பிக்குள்ளால் மூக்கை விட்டபடி இருட்டும்வரை நின்றான். அது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ரீச்சர் இப்போது சந்தையில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறா. அன்புவழிபுரத்துச் செய்தி எல்லாம் எனக்கு அவவிடமிருந்துதான் வருகிறது, அது அடியோடு நின்றுபோனது. ஏஞ்சலுக்கு வேறு மாப்பிள்ளை பார்த்தாவா, இல்லை யாருக்கும் சொல்லாமல் கண்டிக்குப் போய் வந்தாவா என்று அறிய எனக்குத் தலை வெடிக்கிறது. கேட்க ஒரு ஆளில்லை.

ஆகவே மகன், குட்டி இல்லை. சுக்கானின் இடுப்பு நன்றாக இருந்து, ஏஞ்சலின் இடுப்பும் நன்றாக இருந்து, பிறக்கிற ஒவ்வொரு பெட்டைக்கும் பெயர் சொல்லி ஒரு வீடு இருந்திருந்தால், நானே பந்தல் போட்டு இந்தக் கலியாணத்தை நடத்தியிருப்பேன். குட்டி எடுப்பது பாவம் என்று நான் சொல்லவரவில்லை. என்ன தெரிந்துகொண்டு எடுக்கிறோம் என்றுதான் சொல்கிறேன். நீ கோபப்படலாம். நான் ஓம் என்று சொல்லிவிட்டு இப்போது இல்லை என்கிறேன், உனக்குக் கோபப்பட உரிமை இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை கேட்டதை நானும் திருப்பித் திருப்பி யோசித்துப் பார்த்தேன். முற்றத்தில் ஒரு குட்டி ஓடினால் நீ கனடாவில் இருந்து போனில் பார்ப்பாய். முதல் இரண்டு நாள் வாலைப் பார்த்துச் சந்தோஷப்படுவாய். பிறகு அது உன்னைத் தெரியாத நாய். உன் மணம் தெரியாது, நீ விசிலடித்தால் திரும்பாது, உனக்காக ஒருநாளும் கேற்றடியில் காத்திருந்திருக்காது. உனக்குச் சுக்கானின் குட்டியில் விருப்பம் இல்லை மகன். உனக்குச் சுக்கான்தான் வேண்டும். அவன் இங்கேதான் நிற்கிறான், இதை எழுதும்போது என் கால்மேல் படுத்துக்கொண்டு, என் கால் விறைத்துப்போக.

வேலி பாய்ந்து போய் ரோட்டில் யாருக்காவது குட்டி கொடுத்துவிட்டால் நாங்கள் பட்ட பாடெல்லாம் வீண் என்பதால், அவனுக்கு ஒப்பரேஷன் செய்துவிடுவோம் என்று தீர்மானித்திருக்கிறோம். வருகிற புதன்கிழமை. சின்ன ஒப்பரேஷன், பயப்படாதே, பின்னேரமே வீட்டுக்கு வந்துவிடுவான். ஆனால் தையல் வெட்டும்வரை அவனைத் துள்ள விடக்கூடாது என்று டொக்டர் பிள்ளை கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது, இடுப்புக்கும் நல்லதில்லையாம். உன் குரல் போனில் கேட்டால் அவன் என்ன செய்வான் என்று உனக்குக் காட்டாமலே வைத்திருந்தேன். போனுக்குப் பின்பக்கம் போய்த் தேடுவான், செற்றிமேல் ஏறுவான், உன் அறைக் கதவைப் போய்ப் பிறாண்டுவான், அங்கேயும் இல்லை என்றால் கேற்றடிக்கு ஓடுவான். அதனால் தையல் வெட்டும்வரை நீ வீட்டுக்குப் போன் எடுக்காதே. நானும் அப்பாவும் தாங்கிக்கொள்வோம். தையல் வெட்டிய பிறகும் போன் எடுக்காதே. கனடா எங்கேயும் எழும்பி ஓடாது, இரண்டு கிழமை பிந்திப் போ. நேரே வந்து கேற்றைத் திற. அப்போது அவன் எவ்வளவும் துள்ளட்டும், நான் டொக்டர் பிள்ளைக்குச் சொல்லமாட்டேன்.

அம்மா